பாத்ரூம் கதவும் ஒரு நிபந்தனையும்

பெண்கள் சிறைக்குள் போக நான் போட்ட மனு பலமுறை திரும்பி வந்தது. கடைசியில் அனுமதி வந்தபோது கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: நிருபர் கைதிகளிடம் எந்தக் கேள்வியும் கேட்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

நான் போனது ஒருத்திக்காக. உள்ளே அவளை டெய்லரக்கா என்று கூப்பிடுவார்கள். குளியலறைக்குக் கதவில்லை என்று வக்கீலிடம் சொல்லிவிட்டாள். உடனே வீட்டுக்குப் போன் பேசும் அனுமதியைப் பறித்துவிட்டார்கள். அவளுடைய மகளை வளர்ப்பது அவளுடைய அக்கா. அந்த அம்மாள்தான் எங்கள் பத்திரிகை அலுவலகப் படியேறி வந்து, "நாலு மாசமா அம்மா குரலைக் கேக்காம புள்ள சரியாச் சாப்பிடறதில்லை. ஏதாவது எழுதும்மா" என்றார். கைதி தன் வாயால் சொல்லாததை எழுதினால் மறுநாளே மறுப்பு வரும், ஆசிரியர் போடமாட்டார். கேள்வியே கேட்காமல் எப்படிச் சொல்லவைப்பது?

சிறைக் கண்காணிப்பாளரை எல்லோரும் மேடம் என்றார்கள். அவரே என்னைத் தையல் கூடத்துக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் புதுப் பெயின்ட் வாசனை. என் படிப்பை விசாரித்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான்தான் என்றேன். மேடத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. தையல் மெஷின்களை நிறுத்தச் சொல்லி, என் தோளைப் பிடித்து நடுவில் நிறுத்தி, கஷ்டப்பட்ட குடும்பத்திலிருந்து வந்த பெண் எங்கே நிற்கிறாள் பாருங்கள் என்று ஆரம்பித்துவிட்டார். துணிக்கடை பொம்மை மாதிரி நின்றேன். பற்றிக்கொண்டு வந்தது.

"அவங்க உங்களைக் கேள்வி கேக்கக் கூடாது. ஆனா நீங்க அவங்ககிட்ட என்ன வேணா கேளுங்க. கேட்டாவது திருந்துங்க" என்று முடித்தார்.

மூலை மெஷினில் இருந்தவள் நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு எழுந்தாள். முன்பல்லில் இடுக்கு, அக்காக்காரி சொன்ன அதே அடையாளம்.

"என்ன வேணா கேக்கலாமா மேடம்?"

"தாராளமா."

"தங்கச்சி, படிக்கும்போது எங்க குளிச்சே?"

ஹாஸ்டலில் என்றேன்.

"அங்க கதவு இருந்துச்சா?"

இருந்தது என்றேன். மெஷின்களுக்கு நடுவே ஒரு சிரிப்பு ஊர்ந்தது. படிப்பு சம்பந்தமாகக் கேட்கும்படி மேடம் அதட்டினார்.

"படிப்புதான் மேடம். கதவைச் சாத்திட்டுக் குளிச்சாத்தான் டிகிரி வருமானு கேக்கறேன்."

அதற்குப் பிறகு பிடித்தது அடைமழை. காய்ச்சல் வந்தால் உன் வீட்டில் டாக்டரைப் பார்க்க மனு எழுதணுமா என்றாள் ஒருத்தி. சோற்றில் கல் கடிபட்டால் அது சத்துக்காகப் போட்டது என்று உன் அம்மா சொல்வாளா என்றாள் இன்னொருத்தி. கையைக் கட்டிக்கொண்டு, நல்ல மாணவியாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மேடம் வாயைத் திறந்து திறந்து மூடினார். தாராளமா என்று சொன்னது அவர்தானே.

கடைசியாக டெய்லரக்கா மறுபடி கேட்டாள். குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

"கதவில்லைனு வெளிய ஒரு வார்த்தை சொன்னதுக்கு, உன் புள்ளகூடப் பேசவிடாம போனைப் புடுங்கினா நீ என்ன பண்ணுவே?"

"சும்மா விடமாட்டேங்க்கா."

அவர்கள் கேட்டதை அப்படியே எழுதினேன், என் பதில்களோடு. நிபந்தனையை ஓர் எழுத்துக்கூட மீறவில்லை என்றும், கைதிகளைத் தாராளமாகக் கேட்கச் சொன்ன மேடத்துக்கு நன்றி என்றும் கீழே சேர்த்தேன். ஆசிரியர் படித்துவிட்டு, இது பேட்டியா வம்பா என்றார். இரண்டும்தான் என்றேன். போட்டார்.

மேலிடத்திலிருந்து ஆள் வந்து பார்த்தார்களாம். கொஞ்ச நாளில் அக்காக்காரி மறுபடி படியேறி வந்தார், இந்த முறை சிரித்துக்கொண்டே. போன் வந்துவிட்டது. அவ்வளவு நாள் ஏங்கிக் கிடந்தவள், கிடைத்த நேரத்தில் பாதியை மகளின் கணக்கு மார்க்குக்குத் திட்டியே தீர்த்தாளாம். திட்டு வாங்கிய பிள்ளை அன்றைக்கு இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கித் தின்றதாம். போனை வைக்கும் முன் எனக்கும் ஒரு சேதி இருந்தது:

"படிச்ச தங்கச்சிகிட்டச் சொல்லு. கதவு போட்டுட்டாங்க. தாழ்ப்பாளை மட்டும் வெளிப்பக்கம் வெச்சிருக்காங்க."

மறுபடி மனு போட்டிருக்கிறேன். இப்போது நிபந்தனை இரண்டு. கைதிகளும் நிருபரைக் கேள்வி கேட்கக் கூடாதாம். இரண்டுக்கும் சிரித்த முகமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. உள்ளே போனதும் எனக்கு அவசரமாகப் பாத்ரூம் வரப்போகிறது. அதற்கு இன்னும் யாரும் நிபந்தனை எழுதவில்லை.