இரண்டு பேருக்கான சீட்டு

பலூன் திடலில் நின்ற அஸ்வினி என்ற அந்தப் பெண் முதலில் பச்சைமுத்துவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே பனியும் அவர் ஓட்டிவந்த மொபெட்டும்தான் இருந்தன.

"அம்மா வரலீங்களா ஐயா?"

"அவளுக்கு முட்டி வலிம்மா," என்றார்.

முட்டி வலி நிஜம்தான். அந்த முட்டி பெங்களூரில் இருக்கிறது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அஸ்வினி உச்சுக்கொட்டிவிட்டு, பலூன் ஓட்டுகிற வடநாட்டுக்காரரிடம் போய் ஆங்கிலத்தில் ஏதோ பேசினாள். அவர் பச்சைமுத்துவை மேலும் கீழும் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு ஆட்கள் ஒரு மணல் மூட்டையைத் தூக்கிவந்து பிரம்புக்கூடையின் ஒரு மூலையில் வைத்தார்கள். எடை எல்லாப் பக்கமும் சமமாக இருந்தால்தான் கூடை சாயாது என்று அஸ்வினி விளக்கினாள். மனைவி தையல்நாயகிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த இடத்தில் இப்போது அந்த மூட்டை நின்றது. அவளைவிடக் கொஞ்சம் குள்ளம். பச்சைமுத்து வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, கூடையில் கால் வைக்க விட்டிருந்த ஓட்டைகளில் மிதித்து ஏறி, அதன் பக்கத்தில் போய் நின்றார்.

இந்தச் சவாரி அவர் கேட்டு வாங்கியதல்ல. திண்டிவனத்துக்கு வெளியே புறவழிச்சாலையை ஒட்டிய திடலில், பொங்கலுக்கு என்று பலூன் திருவிழா நடத்திக்கொண்டிருந்தார்கள். பலூனுக்கு மேலே ஏறத் தெரியும், கீழே இறங்கத் தெரியும். எந்த ஊருக்குப் போவது என்பது காற்றின் விருப்பம். போன வாரம் ஒருநாள் காலை காற்று அதை மயிலம் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து அவருடைய மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே, இறக்கிவிட்டது. கூடை நசுக்கியது என்னவோ நாலு முழ இடம்தான். அதைப் பார்க்க ஓடிவந்த ஊர்தான் கொல்லையைத் துவைத்து எடுத்தது. அப்போதுதான் களை வெட்டி மண் அணைத்திருந்த செடிகள். ஒவ்வொருத்தரும் பலூனோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு போகும்வரை பச்சைமுத்து வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சுபாவம் அப்படி. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லிப் பழக்கமில்லை.

மறுநாள் அஸ்வினி நஷ்டஈடு என்று பணத்தோடு வந்தாள். மிதித்தது எங்கள் ஊர்க்காரர்கள், உங்களிடம் எப்படி வாங்குவது என்று அவர் மறுத்துவிட்டார். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டு பேருக்கான சீட்டை நீட்டி, நீங்களும் அம்மாவும் வந்து ஒரு தடவை பறந்துவிட்டுப் போங்கள் என்றாள். வீட்டில் வேறு யாருமில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் வாசலில் நின்று பேசிய நேரமெல்லாம், உள்ளேயிருந்து யாரோ சொம்பில் தண்ணீர் கொண்டுவரப் போகிறார்கள் என்பதுபோலவே அவரும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேரன் சித்தார்த்தன் பிறந்தபோது மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று பெங்களூர் போனவள் தையல்நாயகி. பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். மகன் கோகுலகிருஷ்ணனுக்கும் மருமகள் கலைமதிக்கும் வேலை. பிள்ளையை யாரிடம் விடுவது? நியாயமான கேள்விதான். அவரும் நிலத்தையும் மாட்டையும் விட்டுவிட்டு அங்கே போய் மூன்றாம் மாடியில் உட்கார முடியாது. இந்தப் பொங்கல் கழிந்து ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரேயடியாக வந்துவிடுவதாகப் பேச்சு. ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது.

முந்தாநாள் மகன் கூப்பிட்டான்.

"கலை முழுகாம இருக்காப்பா. அம்மா இன்னும் ரெண்டு வருஷம் இங்கயே இருக்கட்டுமா? நீங்க இன்னா சொல்றீங்க?"

"இருக்கட்டும். எனக்கின்னா," என்றார் பச்சைமுத்து.

சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை நங்கென்று வைக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும், தையல்நாயகியின் கோபம் அது. முப்பது வருஷத்துக்கும் மேல் கேட்ட சத்தம். மகனுக்கு அது கேட்கவில்லை போலிருக்கிறது. அப்படியானால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுகிறேன், வெள்ளிக்கிழமை ஆபீஸ் போனதும் முதல் வேலை அதுதான் என்று சொல்லிவிட்டு வைத்தான். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. கலைமதி மேல் அவருக்கு ஒரு குறையும் கிடையாது, நல்ல பெண். தனக்கு ஒத்தாசை வேண்டும் என்று கேட்கிறாள், கேட்கத் தெரிந்திருக்கிறது. அவருக்குத்தான் தெரியவில்லை.

அவர்மேல் மட்டும் தப்புச் சொல்லவும் முடியாது. கல்யாணமான நாளிலிருந்தே அவரும் தையல்நாயகியும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது குறைவு. நடுவில் ஓர் ஆள் வேண்டும். கோகுலு சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவன்தான் ஆள். "உங்கப்பாவுக்குச் சோறு போடட்டுமான்னு கேளுடா" என்பாள் அவள். அப்பா இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். "போடச் சொல்லு" என்பார். சண்டையும் அவன் வழியாகத்தான். இரண்டு பக்கத்துத் திட்டும் அவன் தலையில் விழும். அவன் இல்லாத நேரத்தில் அவள் மாட்டிடம் பேசுவாள். அவர் ஏதாவது கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால், இன்னா கொழம்பு வெச்சாங்களாம், பொண்ணு எப்படி இருந்துச்சாம் என்று மாட்டைப் பார்த்துக் கேட்பாள். அவர் மாட்டைப் பார்த்துப் பதில் சொல்வார். ஊரில் பாதிப் பேர் வீட்டில் இப்படித்தான் என்பதால் யாருக்கும் இது வினோதமாகப் பட்டதில்லை. இப்போது அந்த வேலை பேரனுக்கு வந்திருக்கிறது. தாத்தா சாப்பிட்டாரா கேளு, ஆயா மாத்திரை போட்டுக்கிச்சா கேளு என்று இரண்டு பேரும் அவனை வைத்து போனில் குடும்பம் நடத்துகிறார்கள்.

தலைக்கு மேல் நெருப்பு குபீரென்று சீறியது. உச்சந்தலை சுட்டது. கூடைக்குள் புதுச்சேரியிலிருந்து வந்திருந்த ஒரு புது ஜோடி ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டது. பச்சைமுத்துவின் கை தானாகப் போய் மணல் மூட்டையின் கழுத்தைப் பிடித்தது. ஏறுகிறோம் என்றே தெரியவில்லை. நிலம்தான் மெதுவாகக் கீழே போனது. அவருடைய மொபெட் முதலில் சின்னதாயிற்று, அப்புறம் அஸ்வினி, அப்புறம் திடல். நெடுஞ்சாலையில் லாரிகள் ஊர்ந்தன. மேலே பலத்த காற்று வீசும் என்று நினைத்துத் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். காற்றே இல்லை. காற்றோடு சேர்ந்து போகிறவனுக்குக் காற்று தெரியாது என்பது அவருக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

நெருப்பை நிறுத்தினால் வந்த அமைதி அவர் எதிர்பார்க்காதது. அந்த உயரத்துக்கும் கீழே நாய் குரைப்பது கேட்டது. எங்கோ ஒரு கோயிலின் ஒலிபெருக்கி கேட்டது. ஏரிகளெல்லாம் நிறைந்து கிடந்தன. கிழக்கே வெகு தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. மயிலம் மலைமேல் கோபுரம், அவர் வருஷா வருஷம் மூச்சிரைக்க ஏறுகிற மலை, இப்போது காலடியில் கிடப்பதுபோல் இருந்தது. கீழே வீட்டு மாடிகளிலும் களத்திலும் நின்று ஜனங்கள் கை ஆட்டினார்கள். ஜோடி பதிலுக்குக் கை ஆட்டியது. பச்சைமுத்துவும் ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தவர் திடீரென்று கையை இறக்கிக்கொண்டார். இவ்வளவையும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் இன்னா பார்த்தாராம் என்று கேட்க யார் இருக்கிறார்கள்? மாடுதான் இருக்கிறது. அதுவும் தானாகக் கேட்காது.

பலூன் தாழ்ந்து ஏரிக்கரையைத் தாண்டியபோது அவர் வீடு வந்தது. முதலில் அது தன் வீடு என்றே தெரியவில்லை. புளியமரத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடித்தார். விடியற்காலையில் அணைக்காமல் விட்டுவந்த வாசல் விளக்கு, பட்டப்பகல் ஆகிக்கொண்டிருக்கிற வெளிச்சத்தில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பின்பக்கம் மாடு. மாட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே துணி காயப்போடுகிற கொடி. தையல்நாயகி இருந்தபோது துணியின் பாரத்தில் அது நடுவில் தொய்ந்து கிடக்கும், அதற்கு ஒரு கவைக்கோல் முட்டுக் கொடுத்திருப்பாள். இப்போது அது விறைப்பாக நின்றது. அதில் அவருடைய வேட்டி ஒன்று.

அவர் போனை எடுத்தார். மணி அடித்ததும் பேரன் குரலைத்தான் எதிர்பார்த்தார்.

"குட்டி இன்னும் எழுந்திரிக்கல," என்றாள் தையல்நாயகி.

அவ்வளவுதான். வழக்கமாக இந்த இடத்தில் ஒருவர் போனை வைத்துவிடுவார்.

"நான் பலூன்ல இருக்கறேன்," என்றார். "நம்ம கொல்லைல எறங்குச்சே, அதுல."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. "அங்கருந்து இன்னா தெரியுது?" என்று கேட்டாள்.

ஏரியைச் சொன்னார். கடலைச் சொன்னார். மயிலம் கோயிலைச் சொன்னார். அவள் உம் கொட்டினாள். சொல்ல இருந்ததெல்லாம் தீர்ந்துபோயிற்று.

"நம்ம வூடு தெரியுது," என்றார் கடைசியில். "கொடியில என் வேட்டி ஒண்ணுதான் காயுது."

அவள் உம் கொட்டவில்லை.

"நீ வந்துடு," என்றார் பச்சைமுத்து. புது ஜோடி திரும்பிப் பார்த்தது. அவர் மூட்டையைப் பார்த்து நின்றுகொண்டார். "தனியா இருக்க முடியல."

"கோகுலு கேட்டப்ப எனக்கின்னான்னு சொன்னீங்க."

"சொன்னேன். புத்தி கெட்டுப்போயி சொன்னேன்."

அந்தப் பக்கம் தூக்கம் கலையாத ஒரு சின்னக் குரல், யாரு தாத்தாவா, குடு குடு என்று நச்சரிப்பது கேட்டது. பச்சைமுத்துவுக்கு ஒரு பக்கம் ஆறுதலாகக்கூட இருந்தது. இனி வழக்கமான பேச்சுக்குப் போய்விடலாம். தாத்தா சாப்பிட்டாரா கேளு, சாப்பிட்டாச்சுன்னு சொல்லு. போனைப் பேரன் கைக்கு மாற்றுகிற சலசலப்புக்காகக் காத்திருந்தார்.

"இரு கண்ணு," என்றாள் தையல்நாயகி. "தாத்தா என்கிட்ட பேசிக்கினு இருக்காரு."

அதற்குள் பலூன்காரர் கையை உயர்த்தி நெருப்பைத் திறந்துவிட்டார். பச்சைமுத்து போனை மார்போடு அழுத்தி, இன்னொரு கையால் பொத்திக்கொண்டார். கூடை மெதுவாக மேலே கிளம்பியது. பலூனின் நிழல் புளியமரத்தில் ஏறி, கூரையைக் கடந்து, கொடியையும் மாட்டையும் ஒரு கணம் மூடிவிட்டு நகர்ந்தது. மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. சத்தம் நின்றதும் போனைக் காதில் வைத்தார். அவள் வைத்துவிடவில்லை. அங்கே குக்கர் விசில் அடிப்பது கேட்டது. அவரும் போனை வைக்காமல், பின்னால் போய்க்கொண்டிருந்த வீட்டையும் அந்த வேட்டியையும், அது ஒரு வெள்ளைப் புள்ளியாகித் தென்னைகளுக்குள் மறைகிறவரை, பார்த்துக்கொண்டு நின்றார்.