வயிற்றில் வழி இருந்ததா?

அச்சகத்தில் அவருக்கு ஒற்றர் என்று பெயர். உளவு பார்த்ததற்காக அல்ல; விடுபட்ட ஒற்றெழுத்துகளை முப்பது வருடம் தேடித் தேடிப் பிடித்ததற்காக. இப்போது வயிற்றிலேயே ஒரு பெரிய பிழை, புற்றுக்கட்டியாகச் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. எடுக்க முடியாது, சாப்பாடு இறங்க மாற்றுவழி போடலாம் என்றார் மருத்துவர். போட்டு ஒன்றரை மாதமாகிறது. வாந்தி நின்றுவிட்டது. ஒரு கிண்ணம் சூப்பை அரைமணி நேரம் குடிப்பார். மேலே ஒரு கரண்டி போனால் வயிறு கதவடைப்புச் செய்யும்.

வீட்டுக்கு வந்த நர்ஸ், 'வாழ்க்கைத் தரம்' என்ற படிவத்தை நீட்டினாள். ஒன்று என்றால் இல்லவே இல்லை. நான்கு என்றால் மிக அதிகம்.

"நடுவுல 'த்' இருக்கு. தலைப்பு பாஸ்," என்றார் ஒற்றர்.

ஒன்பதாவது கேள்வியில் அவர் முகம் மலர்ந்தது. 'கடந்த வாரத்தில் வயிற்றில் வழி இருந்ததா?'

"இருந்துச்சும்மா. புதுசாப் போட்டது. ஒருவழிப் பாதை."

நர்ஸ் சிரித்துவிட்டாள். மனைவி சிரிக்கவில்லை.

"அது வலின்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்?"

"அச்சுல இருக்கிறதுக்குத்தான் பதில் சொல்ல முடியும்."

"டாக்டர் வாயால கேட்டப்பவும் இல்லவே இல்லைன்னீங்க. காலையில தலையணையைக் கடிச்சுட்டுக் கிடந்தது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?"

ஆஸ்பத்திரியில் வலிக்கு மருந்து கொடுத்தபோது நான்கு நாட்கள் எங்கே போயின என்றே அவருக்குத் தெரியவில்லை. மிச்சமிருப்பதே கொஞ்சம், அதையும் தூங்கித் தொலைக்க மனமில்லை.

"மருந்தைக் கூட்டுவாங்க. நான் மரக்கட்டையாக் கிடப்பேன். அப்புறம் நீ யாரோட சண்டை போடுவே?"

"இப்ப மட்டும் போடுறேனா? பல்லைக் கடிச்சுட்டு இருக்கிற ஆளோட எப்படிச் சண்டை போடுறது? ஒன்றரை மாசமா நீங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுறேன். எனக்கு மூச்சு முட்டுது!"

ஒற்றர் திகைத்துப்போனார். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு அவள் திருந்திவிட்டாள் என்றல்லவா நினைத்திருந்தார்!

"முதல் ரெண்டு மூணு நாள்தான் தூக்கம் சார். பெரும்பாலும் பழகிடும்," என்றாள் நர்ஸ். "இல்லேன்னா டாக்டர் அளவை மாத்திக் கொடுப்பாரு."

அவர் 'ழி'யை அடித்து, ஓரத்தில் 'லி' எழுதினார். பேனா கொஞ்சம் அலைந்து, மூன்றைச் சுற்றியது.

"நாலு," என்றாள் மனைவி.

"மூணு."

"நாலுதான். பக்கத்துல படுக்கிற எனக்குத் தெரியாதா?"

"வயிறு யாரோடதுடி?"

"பாத்துக்கிறது யாரு?"

நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தி, வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.