பத்துக் கைக்கு ஒரு பசை

பஞ்சமியன்று மத்தியானம் துர்க்கைச் சிலையின் மூன்றாவது கையும் கழன்று விழுந்தபோது, பிரியம்வதாவுக்குத் தன் கையே ஒடிந்தது போலிருந்தது.

டாக்குரியாவில் அவர்கள் குடியிருந்த அடுக்ககத்துக்கு இந்த வருஷத் துர்க்கை அவள் பொறுப்பு. பாலிகஞ்சில் கட்டட மாதிரிகள் செய்யும் கம்பெனியில் வேலை. பாலியூரிதேன் பிளாஸ்டிக்கை அச்சில் ஊற்றி வார்ப்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. லிஃப்டில் ஏற்றலாம், அவ்வளவு லேசு என்றதும் பூஜைக் கமிட்டி மயங்கிவிட்டது. உடம்பு, சிங்கம், அசுரன் எல்லாம் ஒரே வார்ப்பு, பத்துக் கைகள் தனி. ஒட்டுவதுதான் பாக்கி.

"பௌமா, நாளைக்கு ஷஷ்டி, பூஜை ஆரம்பம்," என்றார் கமிட்டித் தலைவர் போஸ் காகு வங்காளத்தில். எல்லாருக்கும் அவர் காகு, அதாவது சித்தப்பா; அவருக்கு அவள் பௌமா, மருமகள். "விடியறதுக்குள்ள கை நிக்கலேன்னா, சொல்லி வச்சிருக்கிற மண் சிலையை வாங்கிடுவோம். தப்பா நினைக்காதே."

முதலில் சூப்பர் க்ளூ போட்டாள், விழுந்தது. பிறகு எபாக்சி. தன் வீட்டு ஃப்ளஷ் டாங்கையே அதனால் ஒட்டிய காகு, அதுதான் நிற்கும் என்று சத்தியம் செய்தார். அதுவும் விழுந்தது.

"பசை சரியில்லை. நான் அப்பவே சொன்னேன்," என்றான் கணவன் கௌசிக். அவன் அப்பவே சொல்லாத விஷயம் உலகத்தில் கிடையாது.

விழுந்த கையைப் பிரியம்வதா திருப்பிப் பார்த்தாள். பசை வாழைப்பழத் தோல் போல உரிந்து வந்தது. பிளாஸ்டிக்கை அது பிடிக்கவே இல்லை. முகர்ந்தாள்.

நல்லெண்ணெய்!

கடுகெண்ணெய் மணக்கும் அந்தக் கட்டடத்தில் நல்லெண்ணெய் டின் இருப்பது ஒரே வீட்டில். அவள் வீட்டில்.

கமிட்டி முழுக்கச் சுற்றி நின்றது. நல்லவேளை, யாருக்கும் தமிழ் தெரியாது.

"கௌசிக், சிரிச்சுக்கிட்டே பதில் சொல்லு. கையில எண்ணெய் தடவினியா?"

"கொஞ்சூண்டு... நேத்து வாட்ஸப் குரூப்புக்குப் போட்டோ எடுத்தேன்ல? பளபளன்னு இருக்கட்டுமேன்னு..."

"பத்துக் கைக்குமா?"

"உடம்புக்கும்."

"கொன்னுடுவேன். சிரி."

"என்ன சொல்றா?" என்றார் காகு.

"பசையை மாத்தணுமாம், காகு," என்றான் கௌசிக், பல்லெல்லாம் தெரிய.

அடுத்த ரெண்டு மணி நேரம் அவன்தான் வேலைக்காரன். ஒட்டுமிடத்தையெல்லாம் ஸ்பிரிட்டால் துடைத்தான், உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேய்த்தான், மறுபடி துடைத்தான். பிரியம்வதா இரண்டு குழாய்ப் பசையைக் கலந்தாள், அதுவும் பாலியூரிதேன்தான். சூப்பர் க்ளூ வெடுக்கென்று முறியும். டாக் மேளமும் கூட்டத்தின் இடியும் தாங்க, கொஞ்சம் வளைந்து கொடுக்கிற பசைதான் வேண்டும். பத்துக் கைகளையும் டேப் சுற்றி நிறுத்திவிட்டு, மறுநாள் விடியுமுன் பிரித்தாள். நின்றன.

"எபாக்சிதானே?" என்றார் காகு.

"இல்லை, காகு."

காகுவுக்கு நம்பிக்கை வரவில்லை. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, சூலம் பிடித்த கையைப் பற்றி ஓர் இழுப்பு இழுத்தார். கை வரவில்லை. சிங்கத்தோடும் அசுரனோடும் துர்க்கையே அரை அடி நகர்ந்து அவர் மார்பில் வந்து சாய்ந்தாள்.

"பௌமா! பௌமா! பிடி!" என்று அலறினார் காகு. "மண் சிலை வேண்டாம்னு சொல்லிடு!"