கட்சிப் பட்டை

வண்டிகளில் கட்சிப் பட்டை ஒட்டுவதற்குத்தான் என் ஸ்டிக்கர் கடைக்கு வருவார்கள். ஆட்சி மாறினால்கூடப் பழையதை உரிக்காமல், அதன் மேலேயே இன்னொன்றை ஒட்டிக்கொண்டு போவது குடவாசல் வழக்கம். அதனால் மங்களாம்பிகை அம்மாள் போன் செய்து, "கார்ல ஒட்டின பட்டைய எடுக்கணும், வீட்டுக்கு வாங்க யூசுப் பாய்" என்றதும் காரை விற்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

மத்தியான வெயிலில் வெள்ளைக் கார் நின்றது. இரு பக்கக் கதவுகளிலும் கட்சிக் கொடி நிறத்தில், ஓரம் பளபளக்க, நானே ஒட்டிய பிளாஸ்டிக் பட்டை. அவர் புருஷன் துரைக்கண்ணு, மடத்து நிலத்திலிருந்து குத்தகைக்காரர்களைக் கிளப்பக் கட்சி ஆட்களோடு போனவர். வரப்பில் நின்று கத்தியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். இந்தக் காரின் பின்சீட்டில்தான் பிணமாக வீடு வந்தார். அது போன மாதம்.

"விக்கிறீங்களாம்மா?"

"இல்ல பாய். சாயங்காலம் கட்சிக்காரங்க திரும்ப அந்த நெலத்துக்குப் போறாங்க. என் மவன் வைரக்கண்ணு இந்தக் கார முன்னால ஓட்டிக்கிட்டுப் போவணுமாம். பட்டை இல்லேன்னா இது சும்மா வண்டி. கூப்புட மாட்டாங்க."

உப்பு விலை சொல்வது போலச் சொன்னார்.

"பெயிண்ட்ல ஒரு கீறல் விழக் கூடாது. விழுந்தா, அத மறைக்கிறேன்னு புதுசா ஒண்ணு ஒட்டிருவான்."

எங்கள் கடைத்தெருவில் பிறந்திருக்க வேண்டிய அம்மாள்.

கத்தியைத் தொடவில்லை. வெயில் பசையைப் பாதி இளக்கியிருந்தது. வெந்நீரில் துணி நனைத்து ஒற்றி மீதியையும் இளக்கினேன். பட்டைக்கும் கதவுக்கும் நடுவே தூண்டில் நரம்பை விட்டு, இரண்டு கையாலும் இழுத்து இழுத்து அறுத்துக்கொண்டே போனேன். அவசரப்பட்டுப் பிடுங்கினால் பெயிண்டும் கூடவே வந்துவிடும்.

வைரக்கண்ணு வெளியே வந்தான். "யாரக் கேட்டு உரிக்கிறீங்க பாய்?"

"ஒட்டினவன்தான் தம்பி உரிக்கிறேன். வெளியாள் கை படல."

"அது அப்பா ஒட்டச் சொன்னது."

"அப்பா இப்ப எங்க போவணும்?" என்றார் அம்மாள்.

அவன் உள்ளே போனான்.

மிச்சப் பசையில் தேங்காய் எண்ணெய் தடவி, ஊறவிட்டு, கட்டைவிரலால் உருட்டி எடுத்தேன். "பாருங்கம்மா, ஒரு கீறல் இல்ல." அவர் விரலால் தடவிப் பார்த்தார். சந்தோஷம் என்று எதுவும் முகத்தில் வரவில்லை.

மறு பக்கத்தையும் முடிக்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. ஒன்றியச் செயலாளர் துரைராசு ஜீப்பில் வந்து இறங்கினார். காரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன அண்ணி, வண்டிக்கு மொட்டை அடிச்சிட்டீங்க?"

நான் சிரித்தேன். அம்மாள் சிரிக்கவில்லை.

"இது இனிமே எதுக்கு ஆவும்? உள்ள விடச் சொல்லுங்க" என்றார் துரைராசு.

அம்மாளின் கணக்கு பலித்தது, சரக்கு கேட்ட விலைக்குப் படிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். துரைராசோ வாசற்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டேய் வைரக்கண்ணு! கார் கெடக்குது, நீ வாடா. அண்ணன் மவன் இல்லாம எப்புடிப் போறது?"

சலவை வேட்டியில் வந்தவன் ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

"சாப்புட்டுட்டுப் போ" என்றார் அம்மாள்.

"வந்து சாப்புடுறேம்மா."

ஜீப் வாய்க்கால் பாலத்தைத் தாண்டியது. கூலி வாங்காமலே பையைக் கட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் பசை இருக்கு பாய்" என்று அவர் துணியை எடுத்துக் கதவைத் தேய்க்கத் தொடங்கினார்.

அவர் தேய்த்த இடத்தில் பசை இல்லை. எண்ணெய்க் கிண்ணத்தை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.