தலைப்பக்கம் தாழ்ந்த கட்டில்

1

மனிதன் செவ்வாய்க்குப் போவானா மாட்டானா என்பதை முடிவு செய்யப்போவது ஆம்பூர்க்காரர்களின் கெண்டைக்கால்தான்.

இந்தக் கதையை எழுதுகிற தன்சீல், ஆம்பூர்க்காரன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன், மேற்படி வாக்கியத்தைச் சிரிக்காமல் எழுதினான். கதை பிறந்த விதத்தையும் ஒப்புக்கொண்டுவிடலாம். அவன் ஆபா, அதாவது அக்கா, அஃப்ஷா வேலூரில் பிசியோதெரபி முதுகலை படிக்கிறாள். விண்வெளியில் மிதக்கிறவர்களுக்குக் கால் சதை கரைந்துபோகும். அதைத் தரையிலேயே ஆராய, தலைப்பக்கம் தாழ்ந்த கட்டிலில் ஆட்களை ஒரு வாரம் எழவிடாமல் படுக்கவைப்பார்கள். படுத்தபடியே பாதத்தில் மாட்டி இழுக்க, ஷூ கம்பெனியில் மிஞ்சிய தோலில் அவள் ஒரு பட்டை தைத்திருந்தாள். ஒருவர் இழுப்பார், மற்றவர் சும்மா கிடப்பார். யார் கால் எவ்வளவு இளைத்தது என்று பிறகு பார்ப்பாள். இது கடைசி ஜோடி. முடிந்தால்தான் விண்வெளி வீரர்களுக்குப் பயிற்சி தரும் குழுவிடம் பட்டையைக் காட்டலாம். தவறினால் அவளுக்கு ஒதுக்கிய ஆராய்ச்சி அறை வேறொருவருக்குப் போய்விடும்.

"தூங்குறதுக்குப் பேரு ஆராய்ச்சியா ஆபா? எங்க கடைசி பெஞ்ச் முழுக்க விஞ்ஞானிங்கதான்."

"இன்னா வேணா எழுதிக்கோ. ஓரமா நின்னு எழுது."

2

முதல் தொடக்கம்: "ஏலகிரிக்கு மேலே ஒரு விண்மீன்—" (வேண்டாம். அறையில் ஜன்னலே இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: "கௌதம் ஒரு வீரன்." (ஒடுகத்தூர்க்காரன், தன்சீலின் தோஸ்த், பட்டை இழுக்க வந்தவன். வீரத்துக்கு ஆதாரமில்லை. பல்லிக்கே ஓடுவான்.)

3

கட்டில்கள் வடக்கே தலைவைத்துக் கிடந்தன. மகனைப் பார்க்க வந்த கௌதமின் அம்மா பூங்காவனம் வாசலிலேயே நின்றார்.

"வடக்க தல வச்சி எவனாவது படுப்பானா? அதுவும் தலைய கீழ சாச்சி! எழுந்துர்றா."

அஃப்ஷா கட்டில்களைக் கிழக்கே தலைவரும்படி திருப்பினாள். பூங்காவனம் முகம் தெளிந்தது. அடுத்த கட்டிலில் இருந்த முக்தார் அகமது, ஆம்பூர்த் தோல் கம்பெனி சூப்பர்வைசர், எழுந்து உட்கார்ந்தார்.

"கால் மேற்கால போவுதும்மா. தொழற பக்கம் கால நீட்றதே தப்பு. நீ தூக்கி வேற வச்சிருக்கே."

"விண்வெளியில ஏது மாமு வடக்கு, மேற்கு?" என்றான் தன்சீல்.

"நான் இப்ப வேலூர்ல இருக்கேன் தம்பி."

மேற்கே தலைவைத்தால் வாஷ்பேசின் மூக்குக்கு மேல் வந்தது. தெற்கே என்றால் இருவருக்கும் சம்மதம்தான், ஆனால் கட்டில் இடித்துக் கதவு திறக்கவில்லை. திறக்காத அறையில் பிள்ளையை விடப் பூங்காவனத்துக்கு மனமில்லை. கையோடு பஸ் ஏற்றிக் கூட்டிப்போய்விட்டார்.

4

தன்சீலுக்கு உள்ளூரக் கொண்டாட்டம். நான்கு திசைகள், இரண்டு கட்டில்கள், ஒரு படுதோல்வி!

முடிவு அ: ஆராய்ச்சி கலைகிறது. அக்கா சுவரில் சாய்ந்து அழு—

(கைவிடப்பட்டது. அவள் அழவில்லை. ஸ்க்ரூடிரைவர் தேடிக்கொண்டிருந்தாள்.)

கதவைக் கழற்றி வெளியே சாத்தினாள். வாசலில் ஒரு குடியாத்தம் லுங்கியைத் தொங்கவிட்டாள். கட்டில்களைத் தெற்கே தலைவரத் திருப்பினாள். முக்தார் படுத்தார்.

"சபாஷ்மா! இப்ப செவ்வாய்க்கே வர்றேன்."

மற்றக் கட்டில் காலி. கௌதமின் போன் அணைந்திருந்தது. ஆரம்பித்துவைக்க டாக்டர் வரும் நேரம். அஃப்ஷா பட்டையை மெதுவாகச் சுருட்டினாள்.

"ஒத்த ஆள வச்சிக்கினு எத எதோட ஒப்பிடறது?" என்றாள், யாரையும் பார்க்காமல்.

(இங்கே ஒரு தகவல். மாற்று ஆள் என்று ஒருவனுக்கும் எல்லாப் பரிசோதனையும் முடிந்திருந்தது. ஒரு வாரச் சாப்பாடு இலவசம் என்றதும் விளையாட்டாகக் கையெழுத்துப் போட்டவன். தனக்குப் பாதகமான தகவலைக் கதாசிரியன் தாமதமாகத்தான் சொல்வான்.)

5

முடிவு ஆ:

தன்சீலை யாரும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றினான். காலிக் கட்டிலில் ஏறிப் படுத்தான். ரத்தம் முகத்துக்கு இறங்கி, காது சூடானது.

"எழுதறதுக்கா படுத்தே?" என்றாள் அஃப்ஷா.

"இல்ல ஆபா."

அவள் குனிந்து அவன் பாதத்தில் பட்டையை மாட்டினாள். மாட்டி முடித்த பிறகும் நிமிர அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஜாஸ்தி இழுக்காதே. மெதுவா."

பட்டை பலிக்குமா, அதை மாட்டிக்கொண்டு யாராவது மேலே போவார்களா என்பது இதை எழுதுகிறவனுக்குத் தெரியாது. அவன் அக்காவுக்கும் தெரியாது, அதனால்தான் அது ஆராய்ச்சி. மிச்சத்தை வாசகரே எழுதிக்கொள்ளவும். எழுந்து உட்கார அனுமதி உங்களுக்குத்தான் இருக்கிறது.

அவன் பாதத்தை மெதுவாக இழுத்தான். விட்டான். மறுபடி இழுத்தான்.