முன்கூட்டி வாங்கிய எண்ணெய்

மாடி வீட்டு ஸ்வாதிக்கு எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சமையல் குறிப்பு போடாவிட்டால் பொழுது விடியாது. நேற்று சாலட் டிரெஸ்ஸிங். ஆலிவ் எண்ணெய் மூன்று ஸ்பூன், எலுமிச்சம்பழம் ஒன்று, நசுக்கிய பூண்டு, தேன், மிளகுத்தூள், உப்பு. மூடி போட்ட பாட்டிலில் குலுக்கினால் முடிந்தது. எல்லாரும் கை தட்டும் படம் போட்டார்கள். நானும் போட்டேன். குழந்தை வயிற்றிலேயே இறந்துபோன இந்த இரண்டு மாதமாக எனக்கு இப்படித்தான் ஓடுகிறது. எல்லாரும் செய்வதை நானும் செய்கிறேன். உள்ளே மரத்துப்போய்விட்டது.

இன்று காலையில், ஓசூர் உழவர் சந்தையில் வாங்கி வைத்திருந்த வெள்ளரிக்காயையும் தக்காளியையும் நறுக்கினேன். எண்ணெய்க்குத்தான் பீரோவைத் திறக்க வேண்டியிருந்தது.

ஏழாம் மாதத்தில் என் வீட்டுக்காரர் ஆனந்த், கம்பெனியிலிருந்து வரும் வழியில், குழந்தைக்குத் தேய்க்க என்று வாங்கி வந்த ஆலிவ் எண்ணெய் பாட்டில் அது. சமையலுக்கும் ஆகும் என்று லேபிளிலேயே போட்டிருந்தது. பிள்ளை பிறக்கும் முன்னே எதுவும் வாங்கக் கூடாது என்பது எங்கள் நாகரசம்பட்டியிலும் உண்டு, அவருடைய விருதுநகர்ப் பக்கமும் உண்டு. மனிதருக்குப் பொறுக்கவில்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, என் மாமியார் வீரலட்சுமி பாட்டிலைப் பார்த்துவிட்டு, "பொறக்குமுன்ன சாமான் வாங்குவாகளா, ஆனந்து?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். ஆனந்த் அதைத் துணிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தார். பிறகு பீரோவையே தொடுவதில்லை. சட்டை கொடியிலிருந்து நேராக உடம்புக்குப் போகிறது. தன்னால்தான் எல்லாம் போயிற்று என்று நினைக்கிறார். வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார், விடவும் மாட்டார். எனக்கு எரிச்சலாக வரும்.

மூடியைத் திருகினேன். பழைய ஜாம் பாட்டிலில் எல்லாவற்றையும் போட்டுக் குலுக்கிக் காய்மேல் ஊற்றினேன்.

நைட் ஷிப்ட் முடிந்து ஆனந்த் வந்தார். தட்டைப் பார்த்தார்.

"காலங்காத்தால எவனாச்சும் பச்சைக் காய் திம்பானா?"

"ஸ்வாதி சொன்னதுங்க. சாப்பிட்டுப் பாருங்க."

இரண்டு வாய் சாப்பிட்டதும் அடுப்பு மேடையில் இருந்த எண்ணெய் பாட்டில் அவர் கண்ணில் பட்டது. மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"அதையா ஊத்துன?"

"ஆமாங்க. வெறும் எண்ணெய்ங்க அது. அதனால ஒண்ணும் ஆவல. தொப்புள்கொடி சுத்திக்கிச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்க இல்ல?"

தலையைக் குனிந்துகொண்டு மீதியைச் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து, "அந்தப் பாட்டில எடு" என்றார்.

கொட்டிவிடப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டார். இன்னொரு கையின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, கட்டைவிரலால் மெதுவாக நீவினார்.

"அப்பவே செல்லுல பாத்துப் படிச்சேன். இப்படித்தான் தேய்க்கணுமாம். அமுக்கக் கூடாதாம்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார்.