தண்ணி படாம

பீர் முஹம்மது விரல் நுனியை நனைத்து அயர்ன் பாக்ஸின் அடியைத் தொட்டார். சுர் என்றது. மேஜைமேல் தீபிகாவின் டிகிரி சர்டிஃபிகேட் கெட்டி பிளாஸ்டிக்குக்குள் பளபளவென்று படுத்திருந்தது. போட்ட ஸ்டூலில் உட்காராமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார் அவள் அப்பா கருணாகரன்.

"இன்னா சார், இவ்ளோ தடியா போட்டு வெச்சிகிறீங்க? யாரு போட்டது?"

"நான்தான் பாய், போடச் சொன்னேன்."

"இப்பவே சொல்லிட்டேன். வந்தா வரும். கிழிஞ்சா என்னைக் கேக்கக் கூடாது."

ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் இருந்தது பாயின் ஜெராக்ஸ் கடை. லேமினேஷன் போட ஊரெல்லாம் கடை இருக்கிறது. போட்டதை எடுக்க ஆள் தேடித்தான் கருணாகரன் இரண்டு நாளாக அலைந்தார்.

கருணாகரனுக்கு லேமினேஷன் பைத்தியம் பிடித்தது வெள்ளத்துக்குப் பிறகு. அந்த டிசம்பரில் ஆதம்பாக்கம் வீட்டுக்குள் தண்ணீர் இடுப்பு வரை நின்றது. வடிந்த பிறகு அவர் மனைவி சண்முகவடிவு நனைந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தாள். காய்ந்த காகிதங்களில் எழுத்து இல்லை. கல்யாண ஆல்பம் ஒரே கட்டியாக ஒட்டிப்போயிருந்தது. பிரித்தால் முகம் முகமாக உரிந்து வந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்குள் வந்த எந்தக் காகிதமும் பிளாஸ்டிக் சட்டை போடாமல் பீரோவுக்குள் போனதில்லை. கரண்ட் கார்டு, கேஸ் புக் அட்டை, ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் எல்லாம். சண்முகவடிவு போன பிறகு அவளுடைய கடைசி மருந்துச் சீட்டைக்கூடக் கொண்டுபோய்ப் போட்டுவந்தார். அதை வைத்து என்ன செய்யப்போகிறார் என்று அவருக்கே தெரியாது. பட்டமளிப்பு விழாவிலிருந்து தீபிகா சர்டிஃபிகேட்டோடு வந்த அன்று சாயங்காலமே, அவள் முகம் கழுவிவிட்டு வருவதற்குள், அதை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடிவிட்டார்.

ஜெர்மனியில் எம்.எஸ். சேர இடம் கிடைத்ததும், சேர்வதற்குமுன் என்னென்ன செய்ய வேண்டும் என்று அந்த யுனிவர்சிட்டியிலிருந்து நீளமாக ஒரு மெயில் வந்தது. தீபிகா சமையல் மேடையில் உட்கார்ந்து அதைத் தமிழில் வாசித்துக் காட்டினாள். இன்ஷூரன்ஸ் எடுங்கள், வாடகை வீட்டுக்கு இப்போதே சொல்லி வையுங்கள், குளிருக்குத் துணி இங்கே வந்து வாங்குங்கள். அசல் சான்றிதழில் அரசாங்க முத்திரை வாங்கி வாருங்கள் என்றும் இருந்தது. அதற்காக அடையாறில் முத்திரை ஒட்டித் தரும் கவுன்ட்டருக்குப் போனாள். பிளாஸ்டிக்குக்கு மேல் முத்திரை ஒட்டாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நகல் சான்றிதழ் கேட்டு எழுதிப்போட்டால் வர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அங்கே கிளாஸே ஆரம்பித்துவிடும்.

"உன்ன யாருப்பா இதப் பண்ணச் சொன்னா?" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

பிரின்ட் எடுக்கச் சொல்லி அந்த மெயிலை அவருக்கு அனுப்பியிருந்தாள். உஸ்மான் ரோட்டில் அவர் வேலை பார்க்கும் பாத்திரக் கடையில், சாப்பாட்டு நேரத்தில் குடோன் பக்கம் உட்கார்ந்து அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். அவள் வாசிக்காமல் விட்ட ஒரு பத்தி கடைசியில் இருந்தது. முதல் சில வாரம் தனிமையாக இருக்கும், அது சகஜம், தாங்க முடியாவிட்டால் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்று ஒரு நம்பர். வீட்டில் இருப்பவர்களுக்கு ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று மேலும் கீழும் தேடிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டார்.

இன்று ரயில் கிண்டி தாண்டும்போது அந்த நினைப்பு வந்தது. கிழிந்துவிட்டால் அவள் போக முடியாது. காலையில் குக்கர் சத்தமும், குளியலறைக் கதவை அவள் தட்டுவதும் அப்படியே இருக்கும். பெற்ற அப்பன் நினைக்கிற நினைப்பா இது என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் மாம்பலம் வரை அந்த நினைப்பு இறங்கவில்லை.

"சார், இந்த மூலைய அழுத்திப் புடிங்க. ஆடாதீங்க."

துணி போட்டுத் தேய்த்த சூட்டில் பிளாஸ்டிக் லேசாக நெளிந்தது. பீர் முஹம்மது நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, மெதுவாக இழுத்தார். கர்கர்ரென்று சத்தம் வந்தது. கருணாகரனின் கட்டைவிரலுக்குக் கீழே காகிதம் நடுங்கியது. கொஞ்சம் கையை அசைத்தால் போதும். யாரும் கேட்க மாட்டார்கள். பாய் முதலிலேயே சொல்லிவிட்டார். மூச்சைக்கூட விடாமல் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்சி சார்!"

கீழ்ப்பக்கம் கொஞ்சம் சொரசொரப்பு, அவ்வளவுதான். பேர், தேதி, கையெழுத்து எல்லாம் இருந்தன. உரித்த பிளாஸ்டிக் ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு இரண்டு இதழாகத் தொங்கியது. பாய் அதைக் கூடையில் போடப் போனார். எதற்கென்று தெரியாமலே கருணாகரன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"பொண்ணு எங்க சார் போவுது?"

"ஜெர்மனி."

"நீங்க?"

"நான் இங்கதான்."

வெளியே திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. சந்தில் நைட்டி விற்றவர்கள் தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். செல் அடித்தது. தீபிகா.

"என்னப்பா ஆச்சு?"

"வந்துடுச்சும்மா. நல்லா இருக்கு."

"நான் டோக்கன் போட்டுட்டு கவுன்ட்டர்ல நிக்கிறேன். நாலு மணிக்கு மூடிடுவாங்க. இத விட்டா அடுத்த மாசம்தான் டேட்டாம்."

"இங்க மழைம்மா. ஊத்துது."

"இங்கயும்தான்." குரல் இறங்கிவிட்டது. "சரி, வராதப்பா. வெறும் பேப்பர், நனைஞ்சா போச்சு. என்ன பண்றது, விடு."

போனை வைத்த பிறகும் படியிலேயே நின்றார். மழையைக் குறை சொல்ல யாராலும் முடியாது. சும்மா நின்றாலே போதும். மகளே வராதே என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னதைக் கேட்டு நின்றதாகவே இருக்கட்டும். சந்தில் தண்ணீர் ஏறி, ஒரு ஒற்றைச் செருப்பு மிதந்து போனது. கொடியில் கிளிப் போட்டுத் தொங்கிய வெள்ளைக் காகிதங்கள் ஞாபகம் வந்தன. அவற்றுக்கு நடுவே சண்முகவடிவு ஈரப் புடவையோடு நின்றது ஞாபகம் வந்தது.

சர்டிஃபிகேட்டை எடுத்தார். உரித்த பிளாஸ்டிக்கின் இரண்டு இதழுக்கும் நடுவே அதைத் திரும்ப வைத்தார். ஒட்டியிருந்த ஓரம் மேலே இருக்கும்படி பிடித்து, சட்டைக்குள் நெஞ்சோடு செருகி, பட்டனைக் கழுத்து வரை போட்டார். அதன்மேல் இரண்டு கையையும் குறுக்கே வைத்துக்கொண்டு படியிலிருந்து இறங்கினார். கணுக்கால் வரை தண்ணீர்.

"சார், குடை! குடைய எடுத்துக்கினு போங்க சார்!"

அவர் திரும்பவில்லை. மூலையில் நின்ற ஆட்டோவைப் பார்த்து, நெஞ்சிலிருந்து கையை எடுக்காமல், "அடையாறு! அடையாறு!" என்று கத்திக்கொண்டே தண்ணீருக்குள் நடந்தார்.